டி.என்.ஏ. அதேதான், மடிப்புதான் வேற: அழற்சியின்போது வெள்ளை அணுக்களுக்குள் என்ன நடக்கிறது?

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை, காற்றோட்டம் இல்லாத மூலையில் உட்கார்ந்து நாலைந்து மணி நேரம் வெல்டிங் அடித்தவருக்கு ஷிப்ட் முடியும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. ரூமுக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். குளிர், நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகம் கடித்தது மாதிரி ஒரு சுவை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தானாகவே இறங்கிவிடும். மருத்துவத்தில் இதற்கு 'உலோகப் புகைக் காய்ச்சல்' என்று பெயர். வெல்டர்கள் மத்தியில் இன்னொரு பெயரும் உண்டு: 'திங்கட்கிழமை காய்ச்சல்'.

ஏன் திங்கட்கிழமை? தினமும் புகையில் இருப்பவருக்கு இரண்டு, மூன்று நாளில் உடம்பு பழகிவிடும், காய்ச்சல் வராது. ஞாயிறு லீவு எடுத்துவிட்டுத் திங்கள் போனால் அந்தப் பழக்கம் விட்டுப்போய் மறுபடி காய்ச்சல். இத்தனைக்கும் உள்ளே கிருமி எதுவும் போகவில்லை. போனது வெறும் துத்தநாக ஆக்சைடு புகை. ஆனால் உடம்பு காட்டுவது கிருமி புகுந்தால் காட்டும் அதே எதிர்வினை. அதற்குப் பெயர்தான் அழற்சி.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் பாதையில் கார், லாரி, பைக், டயர், கண்ணாடி, செல்போன் என எல்லாம் தயாராகின்றன. பெரிய ஆலைகளில் வெல்டிங்கை ரோபோ பார்த்துக்கொள்ளும். சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில், ஷெட் போடும் இடங்களில் இன்னும் கைதான். பெயின்ட், புகை, தூசி, மெஸ் சாப்பாடு என்று உடம்பை உசுப்பிவிடும் விஷயங்களுக்கு இங்கே குறைவில்லை. உசுப்பியதும் உடம்பு எப்படி அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சண்டைக்குத் தயாராகிறது? பிறகு எப்படி அடங்குகிறது? சில பேருக்கு ஏன் அடங்குவதே இல்லை? கடந்த 15 ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பதிலின் ஒரு பகுதி, செல்லுக்குள் டி.என்.ஏ. எப்படி மடிந்து கிடக்கிறது என்பதில் இருக்கிறது.

20 கிலோமீட்டர் நூல், ஒரு கிரிக்கெட் பந்து

நம் உடம்பின் ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை எல்லாம் நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர். அது அடங்கியிருக்கும் உட்கருவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இதைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால், ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடத்தையும் தாண்டிப் போகும் 20 கிலோமீட்டர் நூலை ஒரு கிரிக்கெட் பந்துக்குள் அடைத்த கணக்கு.

சும்மா திணித்து வைத்திருந்தால் சிக்கல் விழுந்து ஒன்றும் வேலைக்கு ஆகாது. அதனால் முதலில் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றி நூல் சுற்றப்படுகிறது. ஒரு உருண்டைக்கு 147 எழுத்து நீளம். அந்த உருண்டை மாலை மேலும் மடிந்து, வளையம் வளையமாகிறது. வளையங்கள் சேர்ந்து வட்டாரங்களாகின்றன. கடைசியில் உட்கருவே இரண்டு விதமான பகுதியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று, மரபணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும் திறந்த பகுதி. இன்னொன்று, பெரும்பாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும் இறுகிய பகுதி.

இந்த இரண்டு பகுதிப் பிரிவு தெளிவாகத் தெரிந்தது 2009-ல். ஹை-சி என்ற சோதனை முறையை அமெரிக்காவில் எரெஸ் லீபர்மேன் ஏய்டன், யோப் டெக்கர் ஆகியோர் அடங்கிய குழு அந்த ஆண்டு வெளியிட்டது. யோசனை எளிமையானது. உட்கருவுக்குள் எந்த இரண்டு துண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதோ, அவற்றை அப்படியே ஒட்டிவிடு. பிறகு எல்லாவற்றையும் வெட்டி, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று படி. கோடிக்கணக்கான ஜோடிகளைப் படித்தால், மடிப்பின் வரைபடம் கிடைத்துவிடும்.

சேலைக் கொசுவமும் டி.என்.ஏ. வளையமும்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சேலையை வைத்தே சொல்லிவிடலாம். ஐந்தரை மீட்டர் சேலையை விரித்துப் போட்டால், கரையில் இருக்கும் ஒரு புட்டாவுக்கும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு புட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை. கொசுவம் வைத்துப் பிடித்ததும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காரும். துணி அதேதான். எது எதன் பக்கத்தில் என்பது மாறிவிட்டது.

டி.என்.ஏ.விலும் இதுதான் நடக்கிறது. நம்மிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. மொத்த நீளத்தில் இவற்றின் புரதக் குறிப்பு இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான். மீதியில் பல லட்சம் 'ஸ்விட்ச்' துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. இன்ன செல்லில், இன்ன நேரத்தில், இன்ன மரபணு ஓட வேண்டும் என்று தூண்டுவது இவைதான். வேடிக்கை என்னவென்றால், ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்கும் அது இயக்கும் மரபணுவுக்கும் நடுவில் பல ஆயிரம், சில சமயம் சில லட்சம் எழுத்து தூரம் இருக்கும். மடிந்தால்தான் இரண்டும் சந்திக்கும்.

கொசுவம் பிடிக்கும் கை யாருடையது? கோஹீசின் என்ற வளைய வடிவப் புரதத்தினுடையது. அது டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து, நூலை இழுத்து இழுத்து வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது? சி.டி.சி.எஃப். என்ற இன்னொரு புரதம், சேலையில் குத்தும் பின் மாதிரி, குறிப்பிட்ட இடங்களில் குத்தி நிற்கிறது. அங்கே வந்ததும் கோஹீசின் நின்றுவிடும். கொசுவம் நின்றது.

இது வெறும் ஊகம் என்று ரொம்ப நாள் சொல்லப்பட்டது. 2019-ல் மனித கோஹீசின் நூலை இழுப்பதை மைக்ரோஸ்கோப்பில் நேரடியாகவே படம் பிடித்துவிட்டார்கள். லேப் தகட்டில் அது இழுக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்து. செல்லுக்குள் தடை நிறைய, அதே வேகம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் இது நிமிடக் கணக்கில் நடக்கிற சமாச்சாரம், ஆண்டுக் கணக்கில் அல்ல என்பது புரியும்.

அலாரம் அடித்ததும் நடப்பது

நுரையீரலில், குடலில், தோலுக்கு அடியில் என எல்லா இடத்திலும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் காவலுக்கு நிற்கின்றன. பாக்டீரியாவின் மேலுறைத் துண்டு ஒன்று பட்டாலும் அவற்றின் மேலே இருக்கும் உணர்விகள் அலாரம் அடிக்கும். அந்தச் செய்தியை உட்கருவுக்குள் கொண்டுபோவதில் முக்கியமான ஆள் என்.எஃப்.-கப்பா.பி. என்ற புரதம். இதை 1986-ல் கண்டறிந்து சொன்னவர்கள் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர். சாதாரண நேரத்தில் இது உட்கருவுக்கு வெளியே இன்னொரு புரதத்தால் கட்டிப் போடப்பட்டிருக்கும். அலாரம் அடித்ததும் கட்டு அறுந்து, சில நிமிடங்களில் உள்ளே ஓடும்.

உள்ளே போனதும் டி.என்.எஃப்., ஐ.எல்-6, ஐ.எல்-8 போன்ற அழற்சிப் புரதங்களுக்கான மரபணுக்கள் ஓட ஆரம்பிக்கின்றன. 1990-களில் அமெரிக்காவில் தன்னார்வலர்களைத் துத்தநாகப் புகையில் வெல்டிங் செய்யவைத்து, பிறகு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதித்தார்கள். அதில் இந்த மூன்றுமே கூடியிருந்தன. முதலில் டி.என்.எஃப்., அப்புறம்தான் மற்றவை. மதியம் புகையைச் சுவாசித்தவருக்கு இரவு காய்ச்சல் வருவதற்கான காரணம் இந்த வரிசைதான்.

இங்கேதான் ஒரு கேள்வி. என்.எஃப்.-கப்பா.பி. போய் உட்காரக்கூடிய இடங்கள் டி.என்.ஏ. முழுக்க ஏராளம். ஆனால் கல்லீரல் செல்லில் அது ஒரு மரபணுக் கூட்டத்தை எழுப்புகிறது, மேக்ரோபேஜில் வேறு கூட்டத்தை எழுப்புகிறது. ஆள் ஒன்றுதான், வேலை ஏன் வேறு? எந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது, எது எதன் பக்கத்தில் மடிந்து கிடக்கிறது என்பது செல்லுக்குச் செல் வேறு என்பதுதான் பதிலின் பெரும்பகுதி.

முன்கூட்டியே மடித்து வைத்ததா? வந்த பிறகு மடிப்பதா?

இது இந்தத் துறையில் பெரிய விவாதம். சுவாரசியமும் இதில்தான்.

2013-ல் அமெரிக்காவில் பிங் ரென் குழு மனித நுரையீரல் நார்த்திசு செல்களை எடுத்து, டி.என்.எஃப். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் மடிப்பு வரைபடம் எடுத்துப் பார்த்தது. எல்லோரும் எதிர்பார்த்தது, சிக்னல் வந்ததும் புதுப் புது வளையங்கள் உருவாகும் என்று. நடந்தது வேறு. டி.என்.எஃப்.-க்குப் பதில் சொல்லும் ஸ்விட்சுகள் பெரும்பாலும் ஏற்கெனவே தங்கள் மரபணுக்களைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஃபயர் இன்ஜினில் குழாயை முன்கூட்டியே மாட்டி வைத்திருப்பது மாதிரி. தண்ணீரைத் திறந்தால் போதும்.

ஆனால் நியூட்ரோபில்களில் கதை மாறுகிறது. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். உட்கருவே மூன்று முதல் ஐந்து துண்டாக, மணி கோத்த மாதிரி இருக்கும் விநோதமான செல். 2020-ல் கலிபோர்னியாவில் கார்னெலிஸ் முர்ரே குழு மனித நியூட்ரோபில்களை ஈ.கோலை பாக்டீரியாவோடு சேர்த்துவைத்துப் பார்த்தது. அதற்கு முன் அழற்சி மரபணுக்களில் பல, தூங்கும் பகுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. பாக்டீரியாவைச் சந்தித்த 3 மணி நேரத்துக்குள் அவை அங்கிருந்து சுறுசுறுப்பான பகுதிக்கு நகர்ந்துவிட்டன. கூடவே அழற்சி ஸ்விட்சுகள் இருக்கும் இடத்துக்கெல்லாம் கோஹீசின் வந்து குவிந்தது.

இந்த ஒதுக்கி வைத்தலில் அர்த்தம் உண்டு. நியூட்ரோபில் கையில் இருப்பது வெடிமருந்து மாதிரி. தேவையில்லாத நேரத்தில் வெடித்தால் நம் திசுவுக்கே ஆபத்து. அதனால் பூட்டி வைத்து, கிருமி வந்த பிறகு எடுக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இந்தச் செல்கள் அந்நியமானவை அல்ல. 2021 டிசம்பரில் இங்கிருக்கும் பாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததும், ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல் திறந்ததும் பலருக்கும் நினைவிருக்கும். கெட்டுப்போன சாப்பாட்டில் இருந்து கிருமி குடலுக்குள் படையெடுக்கும்போது, ரத்தத்தில் இருந்து முதலில் அங்கே ஓடுவது நியூட்ரோபில்கள்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று வெளியே தெரிவதற்குப் பின்னால் உள்ளே கோடிக்கணக்கான செல்களில் இந்த இடமாற்றம் நடந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் எது சரி? முன்பே மடித்து வைத்ததா, பிறகு மடிப்பதா? இரண்டும்தான் என்று சொல்வதே இன்றைய நிலையில் நியாயம். எந்தச் செல், எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. அடிப்படை மடிப்பு பெரும்பாலும் செல் வளரும்போதே போடப்பட்டுவிடுகிறது. சண்டை நேரத்தில் அதன் மேல் திருத்தம் நடக்கிறது.

கோஹீசினை எடுத்துவிட்டால்?

ஒரு பாகம் எதற்கு என்று தெரிய வேண்டுமானால் அதைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. மெக்கானிக்குகள் சொல்லும் அதே முறை. 2018-ல் லண்டனில் மத்தியாஸ் மெர்கன்ஷ்லாகர் குழு எலிகளின் மேக்ரோபேஜில் இருந்து கோஹீசினை நீக்கிப் பார்த்தது. மடிப்பே போய்விட்டால் செல் நிலைகுலைந்துவிடும் என்று நினைப்போம். இல்லை. அன்றாட வேலைக்கான மரபணுக்கள் பெரிய சேதம் இல்லாமல் ஓடின. ஆனால் கிருமியின் சிக்னலைக் கொடுத்தபோது, வர வேண்டிய அழற்சிப் பதில் சரியாக வரவில்லை. அதாவது தினசரி ஓட்டத்துக்கு மடிப்பு அவ்வளவு முக்கியம் இல்லை. திடீரென்று ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

2020-ல் பார்சிலோனாவில் தாமஸ் கிராஃப் குழு இதையே வேறு பக்கத்தில் இருந்து பார்த்தது. பி செல்லை மேக்ரோபேஜாக மாற்றும்போது, பின் குத்தும் புரதமான சி.டி.சி.எஃப்.பை அகற்றினார்கள். செல் மாறும் வேலை நடந்தது. ஆனால் அப்படி உருவான மேக்ரோபேஜுக்குப் பாக்டீரியா நச்சைக் கொடுத்தால் அழற்சிப் பதில் மந்தமாகவே இருந்தது.

மடிப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சில செய்திகளில் வருவது அதனால்தான் கொஞ்சம் அதிகப்படி. மரபணு ஓட பல பேர் கை வைக்க வேண்டும். மடிப்பு அதில் ஒரு கை. அவசர நேரத்தில் பெரிய கை.

வைரஸ்களுக்கும் இது தெரிந்திருக்கிறது போல. கொரோனா வைரஸ் தொற்றிய மனித நுரையீரல் செல்களில் கோஹீசினின் பிடி பல இடங்களில் தளர்ந்து, சுறுசுறுப்பான பகுதியும் தூங்கும் பகுதியும் ஒன்றோடொன்று கலந்துபோவதாக 2023-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் மந்தமாயின. அழற்சி மரபணுக்கள் சிலவற்றுக்கு மாறாக வேகம் கூடியது.

செல்லுக்கும் ஞாபகம் இருக்கிறது

வெல்டர்களின் திங்கட்கிழமை காய்ச்சலுக்குத் திரும்பினால், அங்கே தெரிவது ஒரு வகை ஞாபகம். முதல் நாள் பட்டதை வைத்து இரண்டாம் நாள் உடம்பு அடங்கி நடக்கிறது. இதே போன்ற ஒன்றை 2007-ல் அமெரிக்காவில் ருஸ்லான் மெட்ஜிட்டோவ் குழு எலி மேக்ரோபேஜில் பார்த்தது. பாக்டீரியா நச்சை ஒரு முறை கொடுத்து, மறுபடி கொடுத்தபோது, அழற்சியை மூட்டும் மரபணுக்கள் பல வாயை மூடிக்கொண்டன. கிருமியை நேரடியாகக் கொல்லும் மரபணுக்கள் மட்டும் மறுபடியும் ஓடின. ஹிஸ்டோன் உருண்டைகள் மேல் ஒட்டிய ரசாயனக் குறிகள்தான் இந்த இரு கூட்டத்தையும் பிரித்து வைத்திருந்தன. துத்தநாகப் புகைக்கும் இதே வழிதான் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் ஒரு செல் தான் பட்டதை டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாமலே குறித்துவைக்க முடியும் என்பது இதில் உறுதியானது.

எதிர்ப்பக்க ஞாபகமும் உண்டு. ஒரு முறை உசுப்பப்பட்ட செல், அடுத்த முறை இன்னும் வேகமாகப் பாய்வது. நெதர்லாந்தின் மிஹாய் நெட்டியா இதற்கு 'பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்' என்று பெயர் வைத்தார். பி.சி.ஜி. ஊசி போட்டவர்களின் ரத்தச் செல்கள், காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளுக்கும் மூன்று மாதம் கழித்து அதிகமாகப் பதில் கொடுப்பதை 2012-ல் அவரது குழு காட்டியது.

மடிப்புக்கு இதில் என்ன பங்கு? அதை 2019-ல் முசா மிலாங்கா குழு, தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளோடு சேர்த்து, எடுத்துச் சொன்னது. நியூட்ரோபில்களை அழைக்கும் ஐ.எல்-8 போன்ற மரபணுக்கள் நான்கைந்து ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அதே வளையத்துக்குள் புரதம் எதுவும் செய்யாத ஒரு ஆர்.என்.ஏ.வும் உருவாகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் உம்லிலோ. ஜூலு மொழியில் நெருப்பு. மடிப்பின் காரணமாக அது இந்த மரபணுக்களின் வாசலுக்கே வந்து நிற்கிறது, அங்கே 'தயார்' என்ற குறியைப் போடவைக்கிறது. அப்புறம் சிக்னல் வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். எலிகளுக்கு இந்த ஆர்.என்.ஏ. அந்த இடத்தில் கிடையாது. எலியில் சோதித்த அழற்சி மருந்து மனிதனிடம் எடுபடாமல் போவதற்கு இந்த மாதிரி வித்தியாசங்களும் ஒரு காரணம்.

செங்கல்பட்டு சோதனை சொன்ன பாடம்

பி.சி.ஜி. என்றாலே உலக மருத்துவப் புத்தகங்களில் வரும் ஒரு பெயர் செங்கல்பட்டு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் – அப்போது ஸ்ரீபெரும்புதூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது – இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உலக சுகாதார அமைப்போடு சேர்ந்து மாபெரும் பி.சி.ஜி. சோதனையைத் தொடங்கியது. பங்கெடுத்தவர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-ல் முதல் அறிக்கையும், 1999-ல் 15 ஆண்டு அறிக்கையும் சொன்னபோது உலகமே அதிர்ந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடுவது இன்றும் தொடர்கிறது.

பிரிட்டனில் வேலை செய்த ஊசி இங்கே ஏன் எடுபடவில்லை? சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, இந்த மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தங்களோடு மக்களின் எதிர்ப்பாற்றலுக்கு முன்பே பழக்கம் ஏற்பட்டுவிட்டது என்பது. அப்போது செல்லின் ஞாபகம், மடிப்பு என்றெல்லாம் யாரும் பேசவில்லை. ஆனால் ஒரு உடம்பு முன்னால் என்னென்ன பட்டிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேச முடியாது என்பதை இந்த மண்தான் உரக்கச் சொன்னது.

அந்தச் சோதனையை நடத்திய சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், கொரோனா காலத்தில் முதியவர்களுக்கு பி.சி.ஜி. போட்டு மறுபடி ஆராய்ந்தது. 2021-ல் வெளிவந்த முடிவு கொஞ்சம் எதிர்பாராதது. ஊசிக்குப் பிறகு அவர்களின் ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் பல கூடவில்லை, குறைந்திருந்தன. பயிற்சி என்றால் எப்போதும் வேகத்தைக் கூட்டுவது என்று அர்த்தம் இல்லை.

ஞாபகம் எவ்வளவு நாள் இருக்கும்?

நியாயமான சந்தேகம். ரத்தத்தில் ஓடும் நியூட்ரோபில் ஒரு நாள் தாண்டுவதே பெரிது, மோனோசைட்டுகள் சில நாள். அப்புறம் மூன்று மாத ஞாபகம் எங்கே இருக்கிறது? எலும்பு மஜ்ஜையில். பி.சி.ஜி. மஜ்ஜைக்குள் போய், ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் மூலசெல்களையே மாற்றிவிடுவதை 2018-ல் எலிகளில் காட்டினார்கள். தாய் செல்லில் குறி விழுந்தால், அதிலிருந்து பிறக்கும் செல்களும் அதைச் சுமந்துகொண்டுதான் வரும்.

மடிப்பு தப்பான இடத்தில் உசுப்பினால்

பெரும் குடல் அழற்சி, குரோன்ஸ் நோய், முதுகெலும்பைப் பாதிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். இந்த நோய்களுக்கு 21-ம் குரோமோசோமில் ஒரு இடத்தில் இருக்கும் சின்ன எழுத்து மாற்றங்கள் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது முன்பே தெரியும். ஆனால் அந்த இடத்தில் மரபணு எதுவுமே இல்லை. பாலைவனம். அப்புறம் எப்படி நோய் வரும்? பல ஆண்டு புதிர்.

2024 ஜூனில் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் ஜேம்ஸ் லீ குழு விடை சொன்னது. அந்தப் பாலைவனத்தில் இருப்பது ஒரு ஸ்விட்ச். மடிப்பு வழியாக அது தொடுவது ஏறத்தாழ 2.9 லட்சம் எழுத்து தள்ளியிருக்கும் ஈ.டி.எஸ்.2 என்ற மரபணுவை. அந்த மரபணு கூடுதலாக ஓடினால் மேக்ரோபேஜ்கள் அழற்சியின் உச்சத்துக்குப் போகின்றன. மடிப்பைப் பார்க்காமல், பக்கத்தில் எந்த மரபணு இருக்கிறது என்று மட்டும் தேடியிருந்தால் இது சிக்கியிருக்காது. வேறு நோய்க்கு ஏற்கெனவே இருக்கும் மெக் தடுப்பு மருந்துகள் இந்தப் பாதையை அடக்குவதையும் நோயாளிகளின் குடல் திசுவில் சோதித்துக் காட்டினார்கள். அவை மற்ற உறுப்புகளையும் பாதிக்கக்கூடியவை என்பதால், மேக்ரோபேஜுக்கு மட்டும் மருந்தைக் கொண்டுசேர்க்கும் வழியைத் தேடுகிறார்கள். கடையில் வாங்கிச் சாப்பிடும் கட்டத்தில் இது இல்லை.

ஆஸ்துமாவிலும் மடிப்பு உண்டு. ஒவ்வாமை சார்ந்த ஆஸ்துமாவில் பங்கெடுக்கும் ஐ.எல்-4, ஐ.எல்-5, ஐ.எல்-13 மூன்றும் 5-ம் குரோமோசோமில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். டி செல்லில் இவற்றின் வாசல்கள் ஒன்றோடொன்று மடிந்து நெருங்கி, பொதுவான ஒரு கட்டுப்பாட்டுத் துண்டோடு சேர்ந்திருப்பதை 2004-லேயே எலிகளில் கண்டார்கள்.

தொழிலாளிக்கு இதில் என்ன இருக்கிறது?

வண்டிகளுக்கு அடிக்கும் இரண்டு கலவை பெயின்ட், கிளியர் கோட் ஆகியவற்றின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முதல் வரிசையில் வரும் காரணங்களில் இது ஒன்று. பல மாதம், சில சமயம் பல ஆண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும். ஒரு முறை உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொண்டால், பிறகு மிகச் சிறிய அளவே இழுப்பைக் கிளப்பும். அந்த நிலையில் 'பழகிடும், விடு' என்று தொடர்ந்து ஸ்ப்ரே கன்னைப் பிடிப்பது ஆபத்து. துத்தநாகப் புகைக்குப் பழகும் உடம்பு ஐசோசயனேட்டுக்கு நேர்மாறாக நடக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி நினைப்பதில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லீவு நாளில் மூச்சு நன்றாக இருந்து, வேலை நாளில் இழுப்பு வந்தால், அந்த வித்தியாசத்தை டாக்டரிடம் சொல்வது எந்த ஸ்கேனையும்விடப் பயன்படும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில் சார்ந்த நோய்ப் பட்டியலில் தொழில்சார் ஆஸ்துமாவும் இருக்கிறது. அதனால் என்ன வேலை, என்ன பெயின்ட், எத்தனை ஆண்டு என்பது ஓ.பி. சீட்டில் எழுதப்பட வேண்டியது முக்கியம்.

வெல்டிங் புகைக்குப் பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளில் சொல்லப்படும் வைத்தியம். பால் போவது வயிற்றுக்கு. புகை போனது நுரையீரலுக்கு. புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சும் எக்ஸ்ஹாஸ்ட், தகட்டின் பூச்சைச் சுரண்டிவிட்டு வெல்டிங் அடிப்பது, முகத்தில் சரியாகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் – உதவுவது இவைதான். துணி மாஸ்க் போதாது. காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டாலோ மூச்சுத் திணறல் சேர்ந்தாலோ அது வெறும் திங்கட்கிழமை காய்ச்சல் இல்லை. காட்மியம் பூசிய உலோகத்தின் புகையும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் காட்டும், உயிரையே எடுத்துவிடக்கூடியது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் டாக்டர் எழுதும் சி.ஆர்.பி. என்பது அழற்சியின் அளவுகோல்களில் ஒன்று. மேக்ரோபேஜ்களில் ஓடிய ஐ.எல்-6 கல்லீரலுக்குச் சொல்லி, கல்லீரல் தயாரித்து அனுப்பும் புரதம் அது. எண் ஏறியிருந்தால், உடம்பில் எங்கேயோ சண்டை நடக்கிறது என்று தெரியும். எங்கே, எதனால் என்பதை அந்த எண் சொல்லாது. அதைப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'உங்கள் ஜீனை ஆக்டிவேட் செய்யும்' என்று யூடியூபில் விற்கும் பவுடர்களுக்கும் மேலே சொன்ன எந்த ஆய்வுக்கும் சம்பந்தம் இல்லை.